ஹீலலிகேயில் யாரும் இறங்குவதில்லை

ஷேர் ஆட்டோ ஓட்டுகிற மோகன்குமாருக்கு முனிவேல் தர வேண்டிய பாக்கி நானூற்று அறுபது ரூபாய். உலகத்தில் இதைவிடப் பெரிய கடன்கள் உண்டு. கோடிக்கணக்கில் வாங்கிவிட்டு விமானம் ஏறித் தப்புகிறவர்களும் உண்டு. முனிவேல் ஏறுவது ஓசூரிலிருந்து பெங்களூர் போகிற காலை பாசஞ்சர். அதில் ஏறினால் ஹீலலிகே ஸ்டேஷனில் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கினால் வாசலிலேயே மோகன்குமாரின் ஆட்டோ நிற்கும்.

ஹீலலிகேயிலிருந்து பொம்மசந்திரா மெட்ரோ வரைக்கும் ஆட்டோ, அங்கிருந்து மெட்ரோ. அப்படிப் போனால்தான் முனிவேல் வேலை பார்க்கிற அட்டைப்பெட்டி கம்பெனியின் கேட்டை மூடுவதற்குள் நுழையலாம். ரயிலுக்கும் மெட்ரோவுக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் ரயில் ஜனத்தின் பாடெல்லாம். மூன்று பேர் உட்காருகிற சீட்டில் ஆறு பேர் உட்காருவார்கள். டிரைவருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். டிரைவர் தன் சொந்த ஆட்டோவிலேயே பாதி உடம்பை வெளியே வைத்து ஓட்டுவார்.

சம்பளம் இழுத்தடித்த மாதத்தில் முனிவேல் கடன் சொல்லிச் சொல்லி ஏறினார். "வெள்ளிக்கிழமை கண்டிப்பா" என்றார். அந்த வெள்ளிக்கிழமையும் போயிற்று, அதற்குப் பின்னால் வந்த வெள்ளிக்கிழமைகளும் போயின. பணம் இருந்த நாளில் மோகன்குமார் கண்ணில் படவில்லை. அவர் கண்ணில் பட்ட நாளில் பணம் இல்லை. அப்புறம் பணமும் ஆளும் ஒன்றாக வாய்த்த ஒரு நாளில், இத்தனை நாள் ஏன் ஒளிந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்று ஒளிந்துகொண்டார்.

இப்போதெல்லாம் கடைசிப் பெட்டியில் ஏறுகிறார். பிளாட்பாரத்தின் வால் பக்கம் இறங்கி, சீமைக்கருவேல முள் ஓரமாகவே நடந்து, மனை பிரித்துப் போட்டிருக்கிற பொட்டலைச் சுற்றிக்கொண்டு மெட்ரோவுக்குப் போகிறார்.

அவருக்கு மோகன்குமாரிடம் பயம் இல்லை. பயமெல்லாம் கிருஷ்ணப்பனிடம்.

கிருஷ்ணப்பன் சம்பந்தியாகப் போகிறவர். அவர் மகன் ஹரீஷ்குமாருக்கு முனிவேலின் மகள் ரேவதியை நிச்சயம் செய்தாகிவிட்டது, வைகாசியில் கல்யாணம். கிருஷ்ணப்பன் பெங்களூரில் ஒரு பெரிய ஆபீசில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். மீசையும் சட்டை மடிப்பும் ஒரே இஸ்திரியில் போட்டது போல இருக்கும். நிச்சயத்தன்று நாலு பேர் நடுவில் சொன்னார்:

"எங்க வூட்ல ஒரு கட்டுப்பாடுங்க. ஏழையா இருந்தா பரவால்ல. கடன்காரன் வூட்ல மட்டும் பொண்ணு எடுக்க மாட்டோம்."

"எனக்கு ஊர்ல உலகத்துல அஞ்சு பைசா பாக்கி கிடையாதுங்க" என்று முனிவேல் தாம்பாளத்தைத் தொட்டுச் சொன்னார். ரேவதி கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தது அவர் கண் முன்னாலேயே இருக்கிறது. அந்தச் சிரிப்புக்கும் நானூற்று அறுபது ரூபாய்க்கும் நடுவில், ஹீலலிகே வாசலில் மோகன்குமார் தொண்டையைத் திறந்து ஒரு சத்தம் போடுவதுதான் பாக்கி.

பத்திரிகை இன்னும் அடிக்கவில்லை. இந்த நேரம் பார்த்து கிருஷ்ணப்பனுக்கு ஷிஃப்ட் மாறி, இதே ரயிலுக்கு வந்து சேர்ந்தார். இத்தனை பெட்டி இருக்க, இதே கடைசிப் பெட்டிக்கு.

"கூட்டத்துல இடிபட வேணாமேன்னு பின்னாடி ஏறிக்கிறது சம்பந்தி. எனக்கென்ன, ஆபீஸ் ஜீப்பு வந்துரும்" என்றார் கிருஷ்ணப்பன்.

"எனக்கும் கம்பெனி வேன்தான்" என்று முனிவேலும் சொல்லி வைத்தார். கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டைப் பற்றி விசாரிப்பது வழக்கம். பக்கத்து வீட்டில் கேட்பார்கள், மளிகைக் கடையில் கேட்பார்கள். இவர் ரயிலேறி வந்து விசாரிக்கிறார் போலிருக்கிறது.

ஹீலலிகேயில் இறங்கியதும் இருவரும் வால் பக்கத்தில் நின்றார்கள்.

"நீங்க போங்க சம்பந்தி."

"பரவால்ல, வேன் வர நேரமாவும். நீங்க போங்க."

"ஜீப்பு மட்டும் என்ன, நிக்கட்டும்."

கூட்டம் மொத்தமும் வெளியேறுகிற வரை இந்த மரியாதை நடந்தது. கடைசியில் கிருஷ்ணப்பன் போன் வந்தது போலக் காதில் வைத்துக்கொண்டு ஒரு பக்கம் போனார். போன் அடித்த சத்தம் முனிவேலுக்குக் கேட்கவில்லை. நாம் எங்கே போகிறோம் என்று மறைந்து நின்று பார்க்கப் போகிறார் என்று அதற்கும் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார்.

அதற்கு அடுத்த திங்கட்கிழமைதான் அந்தப் பெண் வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். ஆனேக்கல் ரோடு ஸ்டேஷன் தாண்டியதும் நேராகக் கடைசிப் பெட்டிக்கு வந்தாள்.

"வணக்கங்க சார், என் பேரு டெல்பின். ரயில்ல வர்றவங்க சுலபமா மெட்ரோவுக்குப் போறதுக்கு ஸ்டேஷன்லேருந்து லிங்க் பஸ் விடப் போறாங்க. ஆட்டோவுல கூட்டம் குறையும். அதுக்கு சர்வே. நீங்க எங்க இறங்குறீங்க, இறங்கி எதுல போறீங்க, எவ்ளோ செலவாகுது, திரும்பி எப்ப வருவீங்க, இவ்ளோதான் கேள்வி."

முனிவேல் அவளை மேலும் கீழும் பார்த்தார். சிங்காரப்பேட்டைப் பக்கம் அவருடைய கிராமத்துக்கு ஒரு பஸ் கேட்டு அவர் அப்பா காலத்திலிருந்து மனு எழுதுகிறார்கள். கேட்டே வராத பஸ், கேட்காமல் ரயிலேறித் தேடி வருமா? எங்கே இறங்குகிறாய், எதில் போகிறாய், எப்போது திரும்புவாய். பஸ் விடுகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு? கடன் கொடுத்து ஆளைத் தவறவிட்டவனுக்குத்தான் வேண்டும். மோகன்குமார் படித்த பெண்ணை வைத்துத் தேடுகிறார்.

"கார்மேலாரம்" என்றார் முனிவேல். அது ஹீலலிகேக்கு அடுத்த ஸ்டேஷன். "அங்க கம்பெனி வேன் வரும். செலவே கிடையாது."

டெல்பின் எழுதிக்கொண்டு கிருஷ்ணப்பனிடம் திரும்பினாள்.

கிருஷ்ணப்பன் மீசையைத் தடவினார். "கார்மேலாரம்" என்றார். "ஜீப்பு."

முனிவேல் யோசித்தார். வெள்ளிக்கிழமை வரை ஹீலலிகேயில் இறங்கிய மனுஷன், நாம் கார்மேலாரம் என்றதும் கார்மேலாரம் என்கிறார். இனி சந்தேகமே இல்லை, வேவுதான்.

ஹீலலிகே வந்தது. டெல்பின் வாசலிலேயே நின்றாள். இருவரும் அசையாமல் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகத் தங்கள் ஸ்டேஷன் பின்னால் போவதைப் பார்த்தார்கள்.

கார்மேலாரத்தில் இறங்கினார்கள்.

"எங்க சம்பந்தி உங்க வேன்?"

"இந்நேரம் வந்திருக்கணுமே. உங்க ஜீப்பு?"

"டிரைவர் புதுசு. வழி தெரியாம சுத்தறான்."

கிருஷ்ணப்பன் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் போனார், முனிவேல் இந்தப் பக்கம். சுற்றி வந்து ரெண்டு பேரும் ஒரே பஸ் ஸ்டாப்பில் எதிரெதிரே நின்றார்கள்.

"ஜீப்பு பஞ்சராம்" என்றார் கிருஷ்ணப்பன்.

"வேன்லயும் ஏதோ சத்தம் வருதாம்" என்றார் முனிவேல்.

இரண்டு பஸ் மாறிக் கம்பெனிக்குப் போனபோது கேட் மூடியிருந்தது. அரை நாள் கூலி போயிற்று. மோகன்குமாருக்குக் கொடுக்கலாம் என்று மனசில் ஒதுக்கியிருந்த கூலி அதுதான்.

இந்தப் பெண்ணை ரயிலை விட்டுத் துரத்தினால் ஒழிய விமோசனம் இல்லை என்று முனிவேல் முடிவு கட்டினார். அதற்குத் தகுந்த ஆள் பாப்பம்மா. ஒரு ஆபீஸ் கட்டிடத்தில் கூட்டித் துடைக்கிற வேலை, மகளிர் குழுவுக்குத் தலைவி. கடைசிப் பெட்டியில் பேசினால் எஞ்சினில் கேட்கும் தொண்டை.

"பாப்பம்மா, டேப் வச்சிகினு ஒரு பொண்ணு வருதே, யாருன்னு தெரியுமா?"

"பஸ்ஸு விடறவங்களாமே."

"பஸ்ஸு விடறவங்களுக்கு நீ எப்பத் திரும்பி வருவேன்னு எதுக்கு? பூட்டின வூட்டுக்கு வந்தா ஆளு சிக்காதுன்னுதானே?"

பாப்பம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "குழுக் கடன் வசூல்காரனுங்க அனுப்பினாங்களா? போன வாரம்தான் ஒருத்தன் இதே மாதிரி டேப்போட வந்து வாசல்ல குந்திகினு இருந்தான்."

"நான் ஒண்ணும் சொல்லல. நீதான் சொல்ற."

பாப்பம்மாவிடம் சொன்னால் போதும். அடுத்த ஸ்டேஷனுக்குள் பெட்டி பூராவும் பரவி, முன் பெட்டிகளுக்கும் போய்விட்டது. அந்த ரயிலில் கடன் இல்லாதவர் யார்? சீட்டு எடுத்தவர், டிவிக்குத் தவணை கட்டுகிறவர், போனுக்குக் கட்டாதவர், மச்சினனிடம் கைமாற்று வாங்கி மறந்தவர். டெல்பின் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வந்தது. "கார்மேலாரம்."

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இப்படி ஒன்றுபோலப் பதில் சொல்கிற ஜனத்தை அவள் பார்த்ததே இல்லை.

ஆனால் ஹீலலிகே வந்ததும் ரயிலில் பாதி இறங்கியது.

"என்னங்கம்மா, கார்மேலாரம்னு சொன்னீங்க, இங்க இறங்குறீங்க?"

"காலு மரத்துப் போச்சும்மா" என்றாள் பாப்பம்மா. "இறங்கி ஏறிக்கிறோம்."

"பையோடயா?"

"பை மட்டும் உள்ளயே இருந்தா அதுக்கும்தான் மரத்துப் போவும்."

"ரயில் கிளம்புதுங்களே."

"போவட்டும். அடுத்ததுல ஏறிக்கிறோம்."

டெல்பின் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சொல்றதத்தான் எழுதணும், பாக்கறத எழுதக் கூடாதுன்னு எங்க சார் சொல்லியிருக்காரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுதினாள்.

முனிவேலால் மட்டும் இறங்க முடியவில்லை. அவள் அவருக்கு எதிர்ச் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துச் சீட்டில் கிருஷ்ணப்பன். அந்த வாரம் பூராவும் இரண்டு சம்பந்திகளும் கார்மேலாரம் போய், வராத ஜீப்புக்கும் இல்லாத வேனுக்கும் காத்திருந்து, ஒரே பஸ்ஸில் முன் வாசலில் ஒருவரும் பின் வாசலில் ஒருவருமாக ஏறித் திரும்பினார்கள். கம்பெனி சூப்பர்வைசர், இன்னொரு நாள் தாமதமானால் வேறு கம்பெனி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

டெல்பின் வருவது நின்றது. முனிவேல் நிம்மதியாக மூச்சு விட்டார். அந்த மூச்சு நிறைய நாள் ஓடவில்லை. ஓசூர் ஸ்டேஷன் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஜனம் கூடி நின்றது. ஒருவர் உரக்கப் படித்தார்.

ரயில் பயணிகளின் வசதிக்காகவும் நெரிசலைக் குறைக்கவும் கார்மேலாரம் ஸ்டேஷனிலிருந்து மெட்ரோவுக்கு இணைப்புப் பேருந்து. முதல் மாதம் கட்டணம் இல்லை. ஹீலலிகே ஸ்டேஷனில் இறங்குகிற பயணிகள் இல்லாததால் அங்கே பேருந்து தேவைப்படவில்லை.

"பயணிங்க இல்லையாமே" என்றாள் பாப்பம்மா. "அப்ப தினம் ஹீலலிகே வாசல்ல என் இடுப்ப இடிக்கிறது யாரு, பேயா?"

கூட்டத்தில் ஒருவர் நோட்டீஸை இன்னொரு தரம் படித்துப் பார்த்தார்.

"அப்ப நெசமாவே பஸ்ஸுக்குத்தான் கேட்டிருக்காங்க. கடன் வசூலுக்கு வந்தவன்னு சொன்னது யாரு?"

எல்லாத் தலையும் மெதுவாகத் திரும்பி முனிவேலிடம் வந்து நின்றது.

"நான் சந்தேகப்பட்டேன், அவ்ளோதான்" என்றார் முனிவேல். "நீங்கல்லாம் நம்பினீங்க. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"உன் சந்தேகத்துல என் பஸ்ஸு போச்சேய்யா. தினம் நாப்பது ரூபா, போவ இருபது, வர இருபது. உன் வாய்ல வசம்பு வச்சித் தேய்க்க."

பக்கத்தில் கிருஷ்ணப்பன் நின்றிருந்தார். சம்பந்தி முன்னால் பெயர் கெடக் கூடாது என்று முனிவேல் நெஞ்சை நிமிர்த்தினார். "நானே சரி பண்ணித் தர்றேன். அந்தப் பொண்ணு வந்தா எல்லாரும் உண்மையச் சொல்லுங்க. நான் முன்னாடி நின்னு சொல்றேன்."

டெல்பின் கார்மேலாரம் பஸ் எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுத மறுபடியும் வந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் பெட்டி மொத்தமும் எழுந்தது.

"ஹீலலிகேம்மா, ஹீலலிகே. நாங்க எல்லாம் ஹீலலிகே."

"ஆட்டோவுலதான் போறோம். ஒம்போது பேரு. எழுதிக்கோ."

"நான் ஹீலலிகேல இறங்கி முள்ளு ஓரமா நடந்து போறவன்" என்றார் முனிவேல். கிருஷ்ணப்பன் இருக்கிறார் என்பது அப்புறம்தான் உறைத்தது. "நடக்கிறது உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு. வேன திருப்பி அனுப்பிட்டு நடப்பேன்" என்று சேர்த்துக்கொண்டார்.

டெல்பின் எழுதவே இல்லை. டேப்பை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"எழுதும்மா."

"எழுதறதுக்கில்லைங்க சார். நேத்து முன் பெட்டியிலயும் இதேதான் சொன்னாங்க. அப்பவே போன் பண்ணி எங்க சாருக்குச் சொல்லிட்டேன். அவரு நம்ப மாட்டேங்கறாரு. போன தடவை ஹீலலிகேக்கு ஒரு ஆளு இல்ல. இப்ப ரயிலே ஹீலலிகேங்குது. அங்க மனை போட்டு விக்கறவங்க யாரோ காசு குடுத்துச் சொல்ல வைக்கறாங்கன்னு சந்தேகப்படறாரு. பஸ்ஸு வந்தா மனை விலை ஏறும் இல்லைங்களா?" அவள் முனிவேலை ஒரு மாதிரிப் பார்த்தாள். "எல்லாரையும் நீங்கதான் சேத்து வச்சிருக்கீங்கன்னு சொல்றாங்க. நீங்க மனை விக்கறீங்களா சார்?"

ஓசூரில் வரிசை வீட்டில் ஒற்றை அறையில் குடியிருக்கிற முனிவேல் வாயைத் திறந்தார். வாழ்நாள் பூராவும் மற்றவர்களைச் சந்தேகப்பட்டவருக்கு, சந்தேகப்படுகிறவர்களிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

"அதுவும் முள்ளு ஓரமா, மனைப் பக்கமாத்தான் நடப்பாராம்" என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள்.

ஹீலலிகே வந்தது. இன்று இறங்காவிட்டால் வேலை போய்விடும். முனிவேல் இறங்கி வால் பக்கம் நடந்தார். நடந்தவர் நின்றார். முள் ஓரத்துப் பாதையை மறித்துக் கம்பிவேலி போட்டிருந்தார்கள். இனி வாசல் ஒன்றுதான் வழி.

திரும்பினால் பின்னாலேயே கிருஷ்ணப்பன். அவரும் வேலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகமும் சரியில்லை.

"ஜீப்பு இன்னைக்கு வாசலுக்கு வருதாம்" என்றார், செத்த குரலில்.

"என் வேனும்தான்" என்றார் முனிவேல்.

இருவரும் கூட்டத்தின் நடுவில் புகுந்து, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். வாசலில் ஆட்டோக்களைச் சுற்றி ஜனம் ஈயாக மொய்த்தது. பாப்பம்மா ஒரு ஆட்டோவில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் உட்கார்ந்திருந்தாள். அந்த ஆட்டோவின் டிரைவர் எட்டிப் பார்த்தார், இறங்கினார், கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேராக வந்தார். மோகன்குமார்.

முனிவேல் கண்ணை மூடிக்கொண்டார். ரேவதி முகம் வந்தது. அச்சடிக்காத பத்திரிகை வந்தது.

மோகன்குமார் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஸ்வாமி, நீங்க எங்க போயிட்டீங்க? உங்களத் தேடித் தேடி அலுத்துட்டேன். பஸ்ஸு வருதுன்னதும் நாங்க ஆட்டோக்காரங்க எல்லாம் சாப்பாடு இறங்காம இருந்தோம். வண்டி டியூ கட்ட முடியுமா? பிள்ளைங்க ஸ்கூல் பீஸ் கட்ட முடியுமா? நீங்க ஒரே ஆளு நின்னு பஸ்ஸ கார்மேலாரத்துக்கு ஓட்டி விட்டுட்டீங்களாமே. பாப்பம்மா தினம் என் வண்டியில உக்காந்து உங்களத் திட்டிகினே வருது. நான் உங்கள கும்பிட்டுகினே ஓட்டறேன்."

"அது வந்து..."

"ஒண்ணும் பேசாதீங்க. உங்க நானூத்தி அறுபது ரூபா போச்சு, தள்ளிட்டேன், அஷ்டே, அவ்ளோதான். இனி அத எடுத்துகினு என் கிட்ட வரக் கூடாது." பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "இன்னையிலேருந்து சவாரி முப்பது ரூபா. பஸ்ஸுதான் இல்லையே. அது வேற விஷயம்."

நானூற்று அறுபது என்ற வார்த்தை அந்த இடத்திலேயே நின்றது. அதைக் கேட்கக் கூடாதவர் ஒரே ஒருவர், அவர் ஒரு முழ தூரத்தில் நின்றார். கடன் தீர்ந்த நிமிஷத்திலேயே கடன்காரன் என்று தெரிந்துபோன முனிவேல், கல்யாணம் நின்றதாகவே நினைத்துக்கொண்டு, சம்பந்தியின் முகத்தைப் பார்க்கத் திரும்பினார். முகம் இல்லை. முதுகுதான் இருந்தது. கிருஷ்ணப்பன் ரயில் போன திசையை, அதில் என்னவோ எழுதியிருப்பது போல, வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மோகன்குமார் அந்த முதுகைத் தட்டினார்.

"நீங்க எதுக்கு அந்தப் பக்கம் திரும்பிகினு நிக்கிறீங்க செக்யூரிட்டி சார், இவரோடதத் தள்ளிட்டு உங்க எழுநூத்தி இருபத மட்டும் கேட்டா நல்லாவா இருக்கும், அதுவும் போச்சுன்னு வச்சுக்குங்க."